பாரீஸ் பெண்களின் ஞாயிற்றுக்கிழமை: ‘டிம் டாம் டோம்’

1965-ல் மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் கல்லூரிக்குப் போய்வந்த பெண்களுக்குப் பொழுதுபோக்கு என்றால் ரேடியோ, வாரப் பத்திரிகை, எப்போதாவது ஒரு சினிமா. சென்னைக்கு டி.வி. வந்ததே 1975 ஆகஸ்ட் 15-ல்தான். ஆனால், அதே 1965 மார்ச் மாதம், பிரான்ஸின் இரண்டாவது சேனலில் இளம்பெண்களை மனதில் வைத்து ஒரு நிகழ்ச்சி தொடங்கியது. பெயர், ‘டிம் டாம் டோம்’.

ஏதோ மேளச் சத்தம் போல இருக்கிறதல்லவா? ‘டிம்’ என்றால் ஞாயிறு, ‘டாம்’ என்றால் பெண்கள், ‘டோம்’ என்றால் ஆண்கள். மூன்று பிரெஞ்சுச் சொற்களின் சுருக்கம்!

ஃபேஷனும் உண்டு, சிறைச்சாலையும் உண்டு

இதைத் தயாரித்தவர் டெய்ஸி த காலார். ‘எல்’ என்ற புகழ்பெற்ற பெண்கள் பத்திரிகையில் இருந்து வந்தவர். பத்திரிகையைப் புரட்டுவது போலவே நிகழ்ச்சியை அமைத்தார். ஒரு பக்கம் புது மாடல் உடைகள், அடுத்த பக்கம் பாட்டு, அதற்கடுத்து ஒரு பேட்டி.

அந்தப் பேட்டிகள்தான் விசேஷம். எழுத்தாளர் மார்கரித் துராஸ் கேள்வி கேட்பார். பாரீஸின் பெண்கள் சிறைக்குத் தலைமை வகித்த பெண் அதிகாரியையும் பேட்டி எடுத்தார். ஏழு வயதுச் சிறுவனையும் எடுத்தார். ‘பெண்கள் நிகழ்ச்சி என்றால் சமையலும் அலங்காரமும் போதும்’ என்று அவர்கள் நினைக்கவில்லை.

பேங்க் கணக்குக்குக் கணவர் சம்மதம்

பாரீஸ் பெண்கள் அப்போதே எல்லாச் சுதந்திரமும் பெற்றிருந்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். நிகழ்ச்சி தொடங்கியபோது, மணமான பெண் கணவர் சம்மதம் இல்லாமல் தன் பெயரில் பேங்க் கணக்குத் தொடங்க முடியாது. அவர் வேலைக்குப் போவதைக் கணவர் தடுக்கவும் முடியும். அந்த ஆண்டு ஜூலையில் வந்த சட்டம்தான் இதை மாற்றியது.

ஓட்டுரிமையும் அப்படித்தான். பிரெஞ்சுப் பெண்களுக்கு அது கிடைத்தது 1944-ல். சென்னை மாகாணத்தில் சொத்துத் தகுதி உள்ள பெண்களுக்கு 1921-லேயே கிடைத்துவிட்டது. பின்னாளில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை நிறுவிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1927-ல் சென்னை சட்ட மேலவையில் துணைத் தலைவராகவே அமர்ந்துவிட்டார்!

ஆக, டி.வி.யில் அவர்கள் முந்தி. சட்டமன்றத்தில் நாம் முந்தி.

‘டிம் டாம் டோம்’ எழுபதுகளின் தொடக்கத்தில் முடிந்துபோனது. ஆனாலும் பிரான்ஸின் ஒலி-ஒளி ஆவணக் காப்பகம் அதைப் பத்திரப்படுத்தியிருக்கிறது. சில பகுதிகளை இன்று செல்போனிலேயே பார்க்கலாம். பிரெஞ்சு தெரியாவிட்டாலும் உடைகளும் பாட்டும் புரியும்.

பார்த்து முடித்ததும், இன்று நம் வீட்டு டி.வி.யில் பெண்களுக்கென்று வருபவற்றை ஒருமுறை பட்டியல் போட்டுப் பாருங்கள். அதில் சீரியல் எத்தனை, சமையல் எத்தனை? சிறை அதிகாரியிடம் கேள்வி கேட்கும் நிகழ்ச்சி ஒன்றாவது இருக்கிறதா?