உங்க செல் நம்பரே வச்சிடட்டுமா?

வீட்டுக்குள் வந்த வலை – 11

ஃபைபர் இணைப்பு கொடுக்க வரும் தம்பி கடைசியாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. சுவரில் துளை போட்டு, வயரை இழுத்து, ரவுட்டரை ஆணியில் மாட்டி, பச்சை விளக்கும் எரிந்த பிறகு கேட்பார்.

"அம்மா, வைஃபைக்கு என்ன பாஸ்வேர்டு வைக்கட்டும்?"

"நீயே எதாச்சும் வைப்பா."

"உங்க செல் நம்பரே வச்சிடறேன். மறக்காது."

அவரைக் குறை சொல்ல முடியாது. பொழுது சாய்வதற்குள் இன்னும் நாலு வீடு முடிக்க வேண்டும். நல்லதாக ஒன்றை வைத்துவிட்டுப் போனால், ராத்திரி பத்து மணிக்கு "தம்பி, பாஸ்வேர்டு மறந்துபோச்சு" என்று போன் வரும். வைஃபை பாஸ்வேர்டு எட்டு எழுத்துக்குக் குறையக்கூடாது என்பது விதி. செல் நம்பரில் பத்து இலக்கம் இருக்கிறது. எல்லோருக்கும் வேலை முடிந்தது.

இப்படி வைத்த பாஸ்வேர்டு எவ்வளவு தாங்கும்? இதற்கு இஸ்ரேலில் ஒருவர் கணக்குப் போட்டே காட்டியிருக்கிறார். அங்கேயும் இதே பழக்கம்தான்.

இடோ ஹூர்விட்ச், 2021இல் சைபர்ஆர்க் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளராக இருந்தார். அந்த ஆண்டு ஐம்பது டாலர் விலையுள்ள ஒரு வைஃபை கார்டையும் லேப்டாப்பையும் பையில் போட்டுக்கொண்டு டெல் அவிவ் தெருக்களில் நடந்தும் சைக்கிளில் சுற்றியும் 5,000 வைஃபைகளின் தகவலைச் சேகரித்தார். யார் வீட்டுக் கதவையும் தட்டவில்லை. பிறகு உட்கார்ந்து ஊகிக்கத் தொடங்கினார். எழுபது சதவீதத்துக்கும் மேற்பட்ட பாஸ்வேர்டுகள் கிடைத்துவிட்டன. அவற்றில் பெரும்பங்கு செல் நம்பர்கள்.

அவர் என்ன செய்தார் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். பாஸ்வேர்டைத் திருட வருகிறவன் வாசலில் நின்றுகொண்டு நம் ரவுட்டரிடம் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்ப்பான் என்றுதான் பலரும் நினைக்கிறோம். அப்படி இல்லை. ஒரு போன் வைஃபையில் சேரும்போது அதற்கும் ரவுட்டருக்கும் இடையில் ஒரு சிறு பேச்சு நடக்கிறது. பாஸ்வேர்டு அதில் நேரடியாக வருவதில்லை. பாஸ்வேர்டையும் வைஃபையின் பெயரையும் கலந்து, 4,096 முறை அரைத்து எடுத்த ஒரு ரகசியம்தான் அந்தப் பேச்சுக்கு ஆதாரம். அரைத்ததிலிருந்து பழைய சொல்லைத் திரும்ப எடுக்க முடியாது. ஆனால், வேறொரு சொல்லை அதேபோல அரைத்து, இரண்டும் பொருந்துகிறதா என்று பார்க்கலாம். தெருவில் நின்று அந்தப் பேச்சின் ஒரு துண்டைப் பிடித்தால் போதும். மீதியை வீட்டில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து செய்யலாம். 2018இல் ஜென்ஸ் ஸ்டூப் என்பவர் இன்னொன்றைக் கண்டுபிடித்தார். பல ரவுட்டர்களிடம், எந்தப் போனும் சேராதபோதும் கேட்டால் அந்தத் துண்டு கிடைத்துவிடும். ஹூர்விட்ச் பயன்படுத்தியது இந்த வழியைத்தான்.

இஸ்ரேலில் செல் நம்பர் 05 என்று தொடங்கும். மீதி எட்டு இலக்கம். ஆக, சாத்தியங்கள் மொத்தம் 10 கோடி. அவருடைய லேப்டாப் நொடிக்குச் சுமார் 1,94,000 ஊகங்களைச் சரிபார்த்தது. அத்தனையையும் முடிக்க ஒன்பது நிமிடம்.

நம் ஊருக்கு வருவோம். இந்திய செல் நம்பர் 6, 7, 8, 9 ஆகிய நான்கில் ஒன்றில் தொடங்கும். பின்னால் ஒன்பது இலக்கம். 400 கோடி சாத்தியங்கள். அதே லேப்டாப்பிடம் கொடுத்தால் ஆறு மணி நேரத்துக்குள் முடித்துவிடும். ராத்திரி போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் காபிக்கு முன் பாஸ்வேர்டு தயார்.

இது கூடப் பெரிய சிரமம் எடுத்துக்கொள்ளும் ஆளுக்கான கணக்கு. நம் செல் நம்பரைத் தெரிந்துகொள்ள லேப்டாப் எதற்கு? கல்யாணப் பத்திரிகையில் இருக்கிறது. "இவ்வீடு வாடகைக்கு" பலகையில் இருக்கிறது. காரின் முன்கண்ணாடியில், மருந்துக் கடை பில்லில், கூரியர் பொட்டலத்தின் மேலே இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியாத நம்பரா?

சரி, யாரோ ஒருவன் நம் வைஃபையில் சேர்ந்துவிட்டால் என்ன போயிற்று, நாலு படம் பார்த்துவிட்டுப் போகட்டுமே என்று பெருந்தன்மையாக நினைப்பவர்களும் உண்டு. 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் தொடர்குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடங்கள் முன்பு செய்தி நிறுவனங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. அனுப்பிய இடத்தைத் தேடிய போலீஸ் போய் நின்றது நவி மும்பையில் ஓர் அமெரிக்கர் குடியிருந்த அடுக்குமாடி வீட்டில். அவருக்கும் குண்டுவெடிப்புக்கும் சம்பந்தமில்லை. அவருடைய வைஃபையில் வேறு யாரோ நுழைந்து அனுப்பியிருந்தார்கள். அடுத்த இரண்டு மாதங்களில் இதேபோல மேலும் இரண்டு மின்னஞ்சல்கள் மும்பையிலிருந்தே போயின. ஒன்று ஒரு கல்லூரியின் வைஃபை வழியாக, இன்னொன்று செம்பூரில் ஓர் இணைப்பு வழியாக. 2009 தொடக்கத்தில் மத்திய தொலைத்தொடர்புத் துறை, வைஃபையைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவது பற்றி இணைய நிறுவனங்களுக்கு உத்தரவு அனுப்பியதற்குப் பின்னணி இதுதான். வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு, நம் வைஃபையில் யார் எது செய்தாலும் செய்தது நாம்தான். பில் நம் பெயரில்தானே வருகிறது.

ஆகவே மாற்றுவோம். பெரிய நிறுவனங்களின் இணைப்பு என்றால் அவர்களுடைய ஆப்பிலேயே வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் மாற்றும் இடம் இருக்கும். தெருக்கோடி கேபிள்காரர் கொடுத்த ஃபைபர் என்றால் ரவுட்டரின் பக்கத்துக்கே போக வேண்டும். ரவுட்டரைத் திருப்பிப் பாருங்கள். அடியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் 192.168 என்று தொடங்கும் ஓர் எண். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. ஜியோ பெட்டியில் 192.168.29.1. இவை 1996இலேயே வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் புழங்குவதற்கென்று ஒதுக்கிவைத்த எண்கள். அதனால்தான் கோடிக்கணக்கான வீடுகளில் ஒரே எண் இருந்தும் குழப்பம் வருவதில்லை.

போனை வைஃபையில் சேர்த்து, மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, அந்த எண்ணை பிரவுசரின் மேல்பட்டையில் தட்டுங்கள். கூகுள் தேடல் பெட்டியில் போட்டுத் தேடாதீர்கள். ரவுட்டர் பக்கம் மாதிரியே வேஷம் போட்ட விளம்பரத் தளங்கள் எல்லாம் வரிசையில் நிற்கும். "இந்தத் தளம் பாதுகாப்பானது அல்ல" என்று பிரவுசர் எச்சரித்தால் இந்த ஓர் இடத்தில் மட்டும் பயப்பட வேண்டாம். வீட்டுக்குள்ளேயே இருக்கும் பெட்டியிடம்தான் பேசுகிறீர்கள்.

உள்ளே நுழைய ஒரு பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும். இங்கேதான் முக்கால்வாசிப் பேர் தடுக்கி விழுகிறார்கள். வைஃபை பாஸ்வேர்டைப் போட்டுப் பார்த்து, "தப்பு" என்று வந்ததும் விட்டுவிடுவார்கள். இது வேறு, அது வேறு. வைஃபை பாஸ்வேர்டு இணையத்தில் சேர்வதற்கு. இது ரவுட்டரின் செட்டிங்ஸையே மாற்றுவதற்கு. பழைய பெட்டிகளில் இரண்டு கட்டத்திலும் 'அட்மின்' என்று போட்டால் திறந்துவிடும். உங்கள் வீட்டுப் பெட்டி அப்படித் திறந்தால், வைஃபை பாஸ்வேர்டை மாற்றப் போன இடத்தில் முதலில் மாற்ற வேண்டியது இதைத்தான்.

பெட்டிக்குள் நுழைந்தவன் என்ன செய்யலாம் என்பதற்கு பிரேசிலைப் பார்க்கலாம். 2011, 2012 வாக்கில் அங்கே சுமார் 45 லட்சம் மோடம்களை, அவற்றின் மென்பொருளில் இருந்த ஓட்டை வழியாகக் கைப்பற்றி, ஒரு முக்கியமான செட்டிங்கை மாற்றிவைத்தார்கள். வங்கியின் பெயரைத் தட்டினால் எந்தக் கணினிக்குப் போக வேண்டும் என்று சொல்லும் டிஎன்எஸ் முகவரி அது. தெருமுனைப் பெயர்ப்பலகையை யாரோ திருப்பி வைத்த மாதிரி, வங்கிக்குப் போனவர்கள் போலி வங்கிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். இதற்குக் கணினியில் வைரஸ் இருக்க வேண்டியதில்லை, போனில் கோளாறு இருக்க வேண்டியதில்லை. பெட்டிக்குள் ஒரு வரி மாறினால் போதும், அவ்வளவுதான். நம் நாட்டிலும் 2017 ஜூலையில் பிஎஸ்என்எல் மோடம்கள் ஒரு நச்சுநிரலிடம் மாட்டின. தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டை மாற்றாத மோடம்களைத்தான் அது தேடிப் பிடித்தது. மாற்றுங்கள் என்று நிறுவனமே வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது. பிரிட்டன் இப்போது இந்தத் தொல்லையை விற்பவர் தலையிலேயே கட்டிவிட்டது. 2024 ஏப்ரல் 29 முதல், எல்லாப் பெட்டிக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்து விற்பது அங்கே சட்டவிரோதம். ஒழுங்கான ஏற்பாடு அதுதான். எழுபது வயது அம்மா செட்டிங்ஸைத் துழாவித்தான் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்பது என்ன நியாயம்?

உள்ளே போனதும் 'வயர்லெஸ்' அல்லது 'டபிள்யூலேன்' என்ற பகுதியைத் தேடுங்கள். 2.4 என்றும் 5 என்றும் இரண்டு அலைவரிசைகள் தனித்தனியாக இருந்தால் இரண்டிலும் மாற்ற வேண்டும். ஒன்றை மாற்றி மற்றதை விட்டால் பழைய செல் நம்பர் அங்கே உயிரோடு இருக்கும். பாதுகாப்பு முறை என்ற இடத்தில் குறைந்தது டபிள்யூபிஏ2 இருக்கட்டும். பெட்டியும் போன்களும் ஒத்துழைத்தால் 2018இல் வந்த டபிள்யூபிஏ3. பேச்சுத் துண்டைப் பிடித்துக்கொண்டு போய் வீட்டில் உட்கார்ந்து ஊகிக்கும் வேலை அதனிடம் பலிக்காது. ஆனால் பழைய டிவி சேர மறுக்கலாம். 'டபிள்யூபிஎஸ்' என்று ஒரு வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். அதன் எட்டு இலக்க எண்ணை 11,000 முயற்சிக்குள் கண்டுபிடித்துவிடலாம் என்று 2011இலேயே காட்டிவிட்டார்கள்.

புதிய பாஸ்வேர்டு எப்படி இருக்க வேண்டும்? 8 முதல் 63 எழுத்து வரை இடம் இருக்கிறது. தமிழ் எழுத்தில் வைக்க முடியாது. ஆங்கில விசைப்பலகையில் இருக்கும் குறிகள் மட்டும்தான். (வைஃபையின் பெயரைத் தமிழில் வைக்கலாம். அதற்கு 32 பைட்தான் இடம். தமிழில் ஒவ்வொரு எழுத்துக்குறியும் மூன்று பைட் தின்னும். 'மீனாட்சி' நுழைந்துவிடும், 'மீனாட்சி இல்லம்' நுழையாது.) சிலர் எஸ்ஸுக்குப் பதில் டாலர், ஏவுக்குப் பதில் அட் என்று வித்தை காட்டுவார்கள். அந்த வித்தையெல்லாம் ஊகிக்கும் நிரல்களுக்கு மனப்பாடம். நீளம்தான் பலம். 26 சின்ன எழுத்துகளில் இருந்து கண்ணை மூடிக்கொண்டு எடுத்த 12 எழுத்தை ஹூர்விட்சின் லேப்டாப்பிடம் கொடுத்தால் 15,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதை யார் நினைவில் வைப்பது என்றால், எனக்குப் பிடித்த வழி தமிழ்ச் சொற்கள். ஒன்றுக்கொன்று ஒட்டாத நான்கு சொற்கள்: சொம்பு, நரி, தந்தி, மாவடு. அவற்றை வாட்ஸ்அப்பில் எழுதுகிற மாதிரி, அவரவர் ஸ்பெல்லிங்கில், ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுத வேண்டும். பாட்டின் முதல் வரி, குலதெய்வத்தின் பெயர், பேத்தி பிறந்த தேதி எல்லாம் வேண்டாம். அச்சில் வந்துவிட்டதால் சொம்பும் நரியும்கூட இனி உதவாது.

சேமித்த உடனே வைஃபை அறுந்துவிடும். பயப்பட வேண்டாம், உங்கள் போனையும்தான் வெளியே தள்ளியிருக்கிறது. புதிய பாஸ்வேர்டோடு மறுபடி சேருங்கள். பிறகுதான் உண்மையான வேலை. டிவி, சிசிடிவி கேமரா, பிரிண்டர், போன தீபாவளிக்கு வாங்கிய ஸ்மார்ட் பல்பு என்று ஒவ்வொன்றுக்கும் போய்ச் சொல்ல வேண்டும். இதற்குப் பயந்தே பலர் மாற்றுவதில்லை. விடுமுறை நாளில் காலையில் செய்யுங்கள், கிரிக்கெட் மேட்ச் நடக்கும்போது வேண்டாம்.

இவ்வளவும் செய்த பிறகு சாயங்காலம் விருந்தாளி வருவார். தண்ணீர் கொடுத்ததும் "வைஃபை பாஸ்வேர்டு என்ன?" என்பார். மறுத்தால் மரியாதை இல்லை. கொடுத்தால், 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல் அவர் போனே அதை க்யூஆர் சதுரமாகக் காட்டும், பல போன்களில் அதன் கீழே பாஸ்வேர்டும் அப்படியே எழுதியிருக்கும். அவர் பையன், பையனின் நண்பன் என்று அது நடந்துகொண்டே போகும். இதற்காகவே பெரும்பாலான ரவுட்டர்களில் 'கெஸ்ட் நெட்வொர்க்' இருக்கிறது. விருந்தாளிக்குத் தனிப் பெயர், தனிப் பாஸ்வேர்டு. இணையம் வரும், உங்கள் கேமராவும் பிரிண்டரும் அவர் கண்ணில் படாது. மாடியில் குடியிருப்பவருக்குப் பகிர்ந்து கொடுப்பவர்களும் இதையே கொடுக்கலாம். அவர் காலி செய்துகொண்டு போகும்போது இதை மட்டும் மாற்றினால் போதும்.

இரண்டு பாஸ்வேர்டுகளையும் ஒரு தாளில் எழுதி பீரோவுக்குள் ஒட்டிவையுங்கள். எழுதிவைக்கக் கூடாது என்பது அலுவலகத்துக்கான அறிவுரை. தெருவில் பையோடு சுற்றுகிறவன் உங்கள் பீரோவைத் திறக்கப் போவதில்லை. தாளும் தொலைந்தால் ரவுட்டரின் பின்னால் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கும், ரீசெட். ஃபைபர் பெட்டி என்றால் அவசரப்பட்டு அதைக் குத்தாதீர்கள். பாஸ்வேர்டோடு சேர்த்து, நிறுவனம் உள்ளே பதித்த இணைப்பு விவரங்களும் அழிந்துபோகக்கூடும். அதைத் திரும்ப எழுத நெட் போட்ட தம்பிதான் வர வேண்டும். வந்து வேலையை முடித்துவிட்டு அதே கேள்வியைக் கேட்பார். இந்த முறை போனை வாங்கி நீங்களே தட்டுங்கள்.

(தொடரும்)