பழைய மின் கிதார் பிக்கப்பின் வயதை அறிதல்

மின் கிதாரின் உலோகத் தந்திகளின் அதிர்வை மின் குறிகையாக மாற்றும் உறுப்பு பிக்கப் ஆகும். காந்தத்தைச் சுற்றி மெல்லிய செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றப்பட்டிருக்கும். பழைய பிக்கப்புகளுக்கு விலை அதிகம் என்பதால் போலிகளும் உண்டு. எனவே ஒரே அடையாளத்தைக் கொண்டு வயதை முடிவு செய்வதில்லை.

ஒட்டுச்சீட்டு: கிப்சன் நிறுவனத்தின் செத் லவர் உருவாக்கிய, இரைச்சல் குறைக்கும் ஹம்பக்கர் பிக்கப்புக்கு 1955இல் காப்புரிமை கோரப்பட்டு, 1959இல் கிடைத்தது, அதன் எண் 2,896,491. ஆனாலும் ‘காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது’ எனும் பொருளுடைய ஆங்கிலச் சீட்டு 1962 வாக்கில்தான் மாறியது. அடுத்து வந்த சீட்டிலோ 2,737,842 என்ற எண் இருந்தது. அது லெஸ் பாலின் தந்தி தாங்கிக்கு உரியது. ஆகவே எண் பொருந்தாததாலேயே பிக்கப் போலி ஆகிவிடாது.

மின்தடை: வெப்பம் கூடினால் செம்பின் மின்தடையும் கூடும். 20 பாகை செல்சியசில் 8 கிலோ ஓம் காட்டும் பிக்கப், திருவொற்றியூரின் 35 பாகை வெயிலில் ஏறத்தாழ 8.5 கிலோ ஓம் காட்டும். அளவோடு வெப்பநிலையையும் குறிக்க வேண்டும்.

துரு: எண்ணூர், இராயபுரம் போன்ற கடலோரப் பகுதிகளின் உப்புக் காற்றில் புதிய திருகாணியும் விரைவில் துருப்பிடிக்கும். துரு வயதுக்குச் சான்றாகாது.

பொட்டென்சியோமீட்டர்: பிக்கப்புடன் இணைந்த ஒலியளவுக் குமிழின் அடியில் எண் இருக்கலாம். 1376612 எனில், 137 தயாரிப்பாளரான சிடிஎஸ் நிறுவனத்தையும், 66 ஆண்டையும், 12 வாரத்தையும் குறிக்கும். இது குமிழின் காலமே. பிக்கப் பின்னர் மாற்றப்பட்டிருக்கலாம். பழைய பற்றவைப்பு கலையாமல் இருந்தால் மட்டுமே இச்சான்று வலுப்பெறும்.