நாடு வளருது, சம்பளம் வளருதா?



சென்ற மாத நேரடி நிகழ்ச்சி முடியும் தறுவாயில் ஓர் அம்மா தொலைபேசியில் வந்தார். பொதி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் ஏஜென்சி மூலம் வேலை செய்கிறவர். "தம்பி, பொருளாதாரம் வளருது எண்டு நியூஸிலை சொல்லுறாங்கள். வளர்ந்தது ஆற்றை வீட்டுக்குப் போகுது? என்ரை செக் அப்பிடியேதான் கிடக்கு" என்று கேட்டார். நேரம் முடிந்துவிட்டதால் இரண்டு வசனத்தில் ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். ஆனால் வீட்டுக்குக் கார் ஓட்டிப்போன வழியெல்லாம் அந்தக் கேள்வி என்னோடேயே வந்தது. ஏனென்றால் அது ஒருகாலத்தில் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. நான் கேட்கவில்லை. இந்த மாத உரை அந்த அம்மாவுக்கான பதில்.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1995 தை மாதம் ஸ்காபரோவில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தேன். அந்த மாதம்தான் ஒன்ராறியோவின் ஆகக்குறைந்த சம்பளம் மணித்தியாலத்துக்கு 6.85 டொலர் ஆகியிருந்தது. எனக்கும் அதே சம்பளம். 2003 முடியுமட்டும் அங்கேயே நின்றேன். அந்தக் காலத்தில் மூன்று தடவை, தடவைக்கு 25 சதமாகக் கூட்டினார்கள். முதல் தடவை கூட்டியபோது மனைவி வடை சுட்டுத் தந்தார். மத்தியான இடைவேளையில் சுப்பவைசருக்கும் சேர்த்து எல்லாருக்கும் கொடுத்தேன். கடைசியில் வெளிக்கிடும்போது 7.60 டொலர். முன்னேறிவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

அண்மையில் பேஸ்மென்ற்றை ஒதுக்கும்போது ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் அந்தக் காலத்துச் சம்பளச் சிட்டைகள் கிடைத்தன. சும்மா இருக்காமல் கணக்குப் பார்த்தேன். 1995இலிருந்து 2003 வரை கனடாவின் நுகர்வோர் விலைச் சுட்டெண் ஏறத்தாழ 17 வீதம் உயர்ந்திருக்கிறது. அதாவது 1995இல் 6.85 டொலருக்கு வாங்கியதை 2003இல் வாங்க எனக்கு 8 டொலருக்குக் கொஞ்சம் கூடத் தேவை. என் கையில் இருந்தது 7.60. மணித்தியாலத்துக்கு 40 சதத்துக்கு மேல் குறைவு. கிழமைக்கு 40 மணித்தியாலம் என்று பார்த்தால் வருடத்துக்கு 900 டொலருக்கு மேல். ஒன்பது வருட அனுபவத்தோடு, சேர்ந்த நாளில் இருந்ததைவிடக் குறைந்த சம்பளத்துக்கு வேலை செய்திருக்கிறேன். அதற்கு வடையும் கொடுத்திருக்கிறேன்!

இத்தனைக்கும் அந்த வருடங்கள் நாடு படுத்துக்கிடந்த காலம் அல்ல. 1999, 2000 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் கனடாவின் பொருளாதாரம் 5 வீதத்துக்கு மேல் வளர்ந்தது.

அந்த வளர்ச்சி எங்கே போனது என்று விளங்கிக்கொள்ள, முதலில் வளர்ச்சி என்றால் என்ன என்று பார்ப்போம்.

வளர்ச்சியை எப்படி அளக்கிறார்கள்?

செய்தியில் சொல்லப்படும் வளர்ச்சி, மொத்த உள்நாட்டு உற்பத்தி எவ்வளவு கூடியது என்பதுதான். நாடு முழுவதும் ஒரு வருடத்தில் உற்பத்தியான பொருட்கள், சேவைகள் எல்லாவற்றின் பெறுமதி அது. அதில் சம்பளமும் உண்டு, முதலாளியின் இலாபமும் உண்டு, வட்டியும் வாடகையும் உண்டு. மொத்தம் கூடியது என்று சொன்னால் யாருடைய பங்கு கூடியது என்று சொன்னதாக ஆகாது.

இன்னொன்றும் இருக்கிறது. ஆட்கள் கூடினாலும் மொத்தம் கூடும். 2023இல் கனடாவின் சனத்தொகை 3 வீதத்துக்கு மேல் கூடியது. பொருளாதாரமும் வளர்ந்ததுதான், ஆனால் அந்த வேகத்தில் வளரவில்லை. ஆகவே ஆளுக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால் அது குறைந்துவிட்டது. பானையில் சோறு கொஞ்சம் கூடியது, பந்தியில் ஆட்கள் அதைவிடக் கூடிவிட்டார்கள்.

சராசரி என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். ஓர் அறைக்குள் ஐந்து பேர் இருக்கிறார்கள் என்று வையுங்கள். ஆண்டுச் சம்பளம் முறையே 30, 35, 40, 45, 50 ஆயிரம் டொலர். சராசரி 40 ஆயிரம். ஐந்தாவது ஆளுக்கு மட்டும் 150 ஆயிரம் ஆகிறது. இப்போது சராசரி 60 ஆயிரம்! ஆனால் மற்ற நாலு பேருக்கும் ஒரு சதமும் கூடவில்லை. வரிசையின் நடுவில் நிற்கிறவருக்கு அதே 40 ஆயிரம்தான். சம்பளம் வளர்ந்ததா என்று அறிய நடுவில் நிற்கிறவரைத்தான் பார்க்க வேண்டும். இதை இடைநிலைச் சம்பளம் என்கிறார்கள்.

25 வருடத்தில் 53 டொலர்

கனடா புள்ளிவிபரத் திணைக்களம் 2006ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலிருந்து ஒரு கணக்கை வெளியிட்டது. வருடம் முழுவதும் முழுநேரமாக வேலை செய்தவர்களின் இடைநிலைச் சம்பளம் 1980இல் 41,348 டொலர். 2005இல் 41,401 டொலர். இரண்டுமே 2005ஆம் ஆண்டு விலையில் கணக்கிடப்பட்டவை. விலை உயர்வைக் கழித்தாகிவிட்டது. 25 வருடத்தில் கூடியது 53 டொலர். வருடத்துக்கு இரண்டு டொலரும் சில்லறையும்.

மேலே இருந்த ஐந்தில் ஒரு பங்கினருக்கு 16 வீதத்துக்கு மேல் கூடியிருந்தது. கீழே இருந்த ஐந்தில் ஒரு பங்கினருக்கு 20 வீதத்துக்கு மேல் குறைந்திருந்தது. எங்களைப் போல புதிதாக வந்தவர்களின் கதை இன்னும் மோசம். இங்கு பிறந்த ஓர் ஆண் ஒரு டொலர் உழைத்தபோது, புதிதாகக் குடியேறிய ஆண் 1980இல் 85 சதம் உழைத்தார். 2005இல் அது 63 சதம். பெண்களுக்கு 85 சதம் 56 சதமானது. ஊரில் ஆசிரியராகவும் கணக்காளராகவும் இருந்தவர்கள் இங்கு இரவு வேலைக்குப் போன கதை எங்கள் வீடுகளில் ஏராளம். அதன் புள்ளிவிபரம்தான் இது.

தொழிலாளர் சோம்பி இருந்தார்களா? இல்லை. ஒட்டாவாவில் உள்ள வாழ்க்கைத்தர ஆய்வு மையம் 2008இல் வெளியிட்ட ஆய்வின்படி, அதே 25 வருடத்தில் ஒரு மணித்தியால உழைப்பில் உருவான பெறுமதி 37 வீதம் கூடியிருந்தது. உழைப்பின் பலன் கூடியது. நடுவில் நின்றவரின் சம்பளம் நின்ற இடத்திலேயே நின்றது.

மிச்சம் எங்கே போனது?

அந்த ஆய்வு சொன்ன காரணங்களை என் பாணியில் சொல்கிறேன்.

முதலாவது, கூடிய சம்பளம் மேலே இருந்தவர்களுக்கே பெரும்பாலும் போனது. ஐந்து பேர் கணக்கில் பார்த்த கதைதான்.

இரண்டாவது, மொத்த வருமானத்தில் உழைப்புக்குப் போகும் பங்கு குறைந்து இலாபத்தின் பங்கு கூடியது.

மூன்றாவது, நாங்கள் செய்யும் பொருளின் விலை ஒரு வேகத்திலும், வாங்கும் பொருளின் விலை இன்னொரு வேகத்திலும் போகிறது. தொழிற்சாலையில் கொம்பியூட்டர் உதிரிப்பாகம் செய்கிறவரின் பொருள் வருடாவருடம் மலிந்துகொண்டு போகலாம். ஆனால் அவர் கொம்பியூட்டரைச் சாப்பிட முடியாது. வாடகையும் சாப்பாடும் மலிவதில்லை.

நாலாவது காரணத்தையும் நியாயத்துக்காகச் சொல்ல வேண்டும். முதலாளி எங்களுக்காகக் கட்டும் பணம் எல்லாம் செக்கில் தெரிவதில்லை. உதாரணமாக, கனடா ஓய்வூதியத் திட்டத்தின் பங்களிப்பு 1996இல் 5.6 வீதமாக இருந்து 2003இல் 9.9 வீதமானது. அதில் அரைவாசி முதலாளி கட்டுவது. அதுவும் உழைப்புக்குக் கிடைப்பதுதான். ஆனால் பல வருடம் கழித்து ஓய்வூதியமாகத்தான் கண்ணில் படும்.

எந்தக் காலத்திலும் சம்பளம் கூடவே இல்லை என்றும் சொல்லக்கூடாது. 1981இலிருந்து 2011 வரை முழுநேர வேலையாட்களின் சராசரி மணித்தியாலச் சம்பளம், விலை உயர்வைக் கழித்த பின்னும், 14 வீதம் கூடியதாகப் புள்ளிவிபரத் திணைக்களம் கணக்கிட்டது. 2022இல் விலைகள் 6.8 வீதம் ஏறியபோது சம்பளம் பின்தங்கியது. 2023இலிருந்து சராசரிச் சம்பளம் விலையை மீண்டும் முந்தியது. ஆனால் 2024 கோடையில் வாடகை மட்டும் முந்திய வருடத்தைவிட 8 வீதத்துக்கு மேல் ஏறியிருந்தது. வாடகை வீட்டில் இருப்பவருக்கு அந்தச் சராசரி ஆறுதல் தராது.

மழை பெய்தால் போதுமா?

வன்னியில் குளத்தை நம்பி விவசாயம் செய்தவர்களுக்கு ஒன்று தெரியும். மழை பெய்து குளம் நிரம்பினாலும், வாய்க்கால் வெட்டியிராவிட்டால் கடைசி வயலுக்குத் தண்ணீர் வராது. வளர்ச்சி மழை என்றால், வாய்க்கால் எது? சட்டம், தொழிற்சங்கம், ஆட்களுக்குத் தட்டுப்பாடு ஆகிய மூன்றும்தான்.

சட்டத்தைப் பாருங்கள். நான் சொன்ன 6.85 டொலர் 1995இலிருந்து ஒரு சதம்கூட அசையவில்லை. 2004 மாசியில்தான் 7.15 ஆனது. அதன்பின் ஒவ்வொரு வருடமும் கூட்டி 2010இல் 10.25 ஆக்கினார்கள். பிறகு 2014 வரை மீண்டும் உறைந்தது. 2018 தையில் 11.60இலிருந்து 14 டொலருக்கு ஒரேயடியாக ஏறியது; அடுத்த வருடம் வரவேண்டிய 15 டொலரைப் புதிய அரசாங்கம் நிறுத்திவிட்டது. 15 டொலர் வந்தது 2022 தையில். 2025 ஒக்ரோபரிலிருந்து 17.60. 1995இன் 6.85ஐ விலையோடு மட்டும் உயர்த்தியிருந்தால் 2025இல் ஏறத்தாழ 13 டொலர்தான் வந்திருக்கும். ஆகவே இந்த 30 வருடத்தில் ஆகக்குறைந்த சம்பளம் விலையை முந்தியிருக்கிறது. அது தானாக நடந்ததல்ல. யாரோ கேட்டார்கள், யாரோ சட்டமாக்கினார்கள். கேட்காத வருடங்களில் நாடு வளர்ந்தும் அது உறைந்தே கிடந்தது.

இப்போது அது வருடாவருடம் விலைச் சுட்டெண்ணோடு சேர்ந்து ஏறுகிறது. நல்ல விடயம். ஆனால் விலையோடு மட்டும் கட்டினால் நின்ற இடத்தில் நிற்கலாமே தவிர, வளர்ச்சியில் பங்கு கிடைக்காது.

தொழிற்சங்கத்தில் 1981இல் 100 தொழிலாளருக்கு ஏறத்தாழ 38 பேர் இருந்தார்கள். இப்போது 30 பேர் அளவில். அதிலும் அரச வேலைகளைத் தவிர்த்துத் தனியார் துறையை மட்டும் பார்த்தால் ஏறத்தாழ 15 பேர்தான். ஏஜென்சி மூலம் போகிறவர்களின் நிலை இன்னும் பலவீனம். ஒரே வேலைக்கு ஏஜென்சி ஆளுக்கும் நிரந்தர ஆளுக்கும் ஒரே சம்பளம் என்று ஒன்ராறியோவில் 2018இல் சட்டம் வந்தது. 2019 பிறந்ததும் அதை எடுத்துவிட்டார்கள். எங்கள் அம்மாவின் செக் "அப்பிடியே கிடக்கிறதற்கு" இதுவும் ஒரு காரணம்.

கடை நடத்தும் நேயர்கள் இதைக் கேட்டுக் கோபிக்கக்கூடாது. உங்களுக்கும் வாடகை ஏறுகிறது, சம்பளத்தைக் கூட்டினால் ஆளைக் குறைக்க வேண்டிவரும் என்பீர்கள். அந்தப் பயம் நியாயமானதுதான். ஒன்ராறியோவில் குவெல்ப் நகரில் பிறந்த டேவிட் கார்ட், அலன் குரூகர் என்பவரோடு சேர்ந்து அமெரிக்காவில் இதை ஆராய்ந்தார். 1992இல் நியூ ஜேர்சி மாநிலம் ஆகக்குறைந்த சம்பளத்தை 4.25இலிருந்து 5.05 டொலராக்கியது. பக்கத்து பென்சில்வேனியா கூட்டவில்லை. இரு பக்கத்து உணவகங்களையும் ஒப்பிட்டபோது, கூட்டிய இடத்தில் வேலைகள் குறைந்ததாகத் தெரியவில்லை. 2021இல் கார்டுக்கு நோபல் பரிசு கிடைத்தது. எவ்வளவு கூட்டினாலும் ஒன்றும் ஆகாது என்பது இதன் பொருளல்ல. கூட்டினால் வேலை கட்டாயம் போகும் என்ற பயமுறுத்தலை அப்படியே நம்பத் தேவையில்லை என்பதே.

இனி நாங்கள் செய்யக்கூடியது

உங்கள் பழைய சம்பளச் சிட்டை ஒன்றையும் புதியது ஒன்றையும் எடுங்கள். கனடா மத்திய வங்கியின் இணையத்தளத்தில் பணவீக்கக் கணக்கி ஒன்று இருக்கிறது. பழைய சம்பளத்தைப் போட்டால் இன்றைக்கு அது எவ்வளவாக இருக்க வேண்டும் என்று காட்டும். பிள்ளைகள் ஒரு நிமிடத்தில் பார்த்துத் தருவார்கள். அதைவிடக் குறைவாக இருந்தால் உங்களுக்குக் கிடைத்தது உயர்வு அல்ல, வெட்டு. சம்பளம் கூட்டிக் கேட்கப் போகும்போது அந்த இலக்கத்தோடு போங்கள். "கஷ்டமாக இருக்கிறது" என்று சொல்வதைவிட அது வலுவானது.

ஒன்ராறியோவில் பெரும்பாலான வேலைகளில் கிழமைக்கு 44 மணித்தியாலத்துக்கு மேல் செய்தால் ஒன்றரை மடங்கு தர வேண்டும். தராவிட்டால் தொழில் அமைச்சில் முறையிடலாம். பொதுவாக இரண்டு வருடத்துக்குள் செய்ய வேண்டும். 2024 ஆடியிலிருந்து ஏஜென்சிகளுக்கு அனுமதிப்பத்திரமும் கட்டாயம்.

அம்மா, உங்கள் கேள்விக்குச் சுருக்கமான பதில் இதுதான். நாடு வளர்ந்தது உண்மை. அதில் ஒரு பங்கு இலாபமாகவும், ஒரு பங்கு மேலே இருப்பவர்களின் சம்பளமாகவும் போனது. உங்கள் வாசலுக்கு வரவேண்டியது தானாக வராது. நான் ஒன்பது வருடம் வடை கொடுத்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். இந்த மாத நிகழ்ச்சியில் அழைத்தால் முதலில் உங்களைத்தான் எடுப்பேன். போன வருடச் சிட்டையைக் கையில் வைத்திருங்கள், சேர்ந்தே கணக்குப் பார்ப்போம்.