உங்க தெரு பார்க் யார் கொடுத்தது?



சாயங்காலம் தெரு முனை பார்க்ல நாலு ரவுண்டு நடக்கிறோம். அந்த இடத்தை மாநகராட்சி காசு கொடுத்து வாங்கியிருக்கும்னுதான் நானும் ரொம்ப நாள் நினைச்சிட்டிருந்தேன். புது மனைப்பிரிவுகளில் விஷயமே வேற. லேஅவுட் போட்டவர் இலவசமாக எழுதிக் கொடுத்த நிலம் அது. அதைத்தான் எல்லாரும் ஓ.எஸ்.ஆர். நிலம்னு சொல்றாங்க. தமிழில் திறந்தவெளி ஒதுக்கீடு.

விதி ரொம்ப எளிமை. மொத்தப் பரப்பு 3,000 சதுர மீட்டருக்குள் இருந்தால் எதுவும் தர வேண்டாம். 3,000 முதல் 10,000 வரை என்றால், சாலை போக மீதியில் 10 சதவீதம் நிலம் தரணும். இல்லேன்னா அதற்கான வழிகாட்டி மதிப்பைப் பணமாகக் கட்டலாம். 10,000-க்கு மேலே போனால் பணம் செல்லாது. நிலத்தையே தானப் பத்திரம் பதிவு செய்து ஒப்படைக்கணும்.

நடுவில் இருக்கிற அந்த 'பணமாகக் கட்டலாம்' என்பதைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. பணம் அரசுக்கு வந்துடும். ஆனா மனைகள் எல்லாம் வித்துப் போன தெருவில், அந்தப் பணத்தை வெச்சு பார்க்குக்கு எங்கே இடம் வாங்குறது?

சரி, 10 சதவீதம் போதுமா? கால்குலேட்டர் எடுங்க. 10 ஏக்கர் லேஅவுட் என்றால் சுமார் 40,470 சதுர மீட்டர். சாலைக்கு 30 சதவீதம் போச்சுன்னா மீதி 28,300. பார்க்குக்கு 2,830. பாக்கி நிலத்தில் அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி மனைகளாகப் பிரிச்சா கிட்டத்தட்ட 228 மனை வரும். வீட்டுக்கு நாலு பேர்னு வெச்சா 912 பேர். ஆளுக்கு 3.1 சதுர மீட்டர். மாடியில ஒரு வாடகைக் குடும்பம் வந்தாச்சுன்னா அதுவும் பாதி.

மத்திய அரசின் யு.ஆர்.டி.பி.எஃப்.ஐ. வழிகாட்டி, எல்லா வகைத் திறந்தவெளியும் சேர்த்து ஆளுக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் இருப்பது நல்லது என்கிறது. மிச்சத்துக்கு ஏரிக்கரை, விளையாட்டுத் திடல், பெரிய பூங்காக்கள்னு நகரம் தனியா ஏற்பாடு பண்ணியாகணும். லேஅவுட் விதியை மட்டும் நம்பினா வேலைக்கு ஆகாது.

அடுத்தது காசு. பார்க் கட்ட நிதி கிடைக்கும். 2015-ல் வந்த அம்ருத் திட்டத்தில்கூட பூங்காக்களுக்கு 2.5 சதவீதம் வரை ஒதுக்க இடம் இருந்தது. கட்டினதுக்கு அப்புறம்தான் சிக்கல். தண்ணி, வாட்ச்மேன், விளக்கு, உடைஞ்ச ஊஞ்சல் எல்லாத்துக்கும் வருஷா வருஷம் பணம் வேணும். அது உள்ளாட்சியின் சொந்த வருமானத்தில் இருந்துதான் வரணும். அதில் முக்கியமானது நம்ம வீட்டுச் சொத்து வரி. குப்பை, தெருவிளக்கு, சம்பளம் எல்லாம் போக மிஞ்சறதுதான் பார்க்குக்கு. திறப்பு விழா கல்வெட்டு பளபளன்னு இருக்க, ஊஞ்சல்ல சங்கிலி மட்டும் தொங்குறது இதனாலதான்.

பராமரிக்காத பார்க் காலி மனை மாதிரி தெரிய ஆரம்பிக்கும். அப்போ யாராவது கண் வைப்பாங்க. பெங்களூரு ராஜ்மகால் விலாஸ் பகுதியில் பூங்காவுக்கென்று ஒதுக்கின இடத்தையே தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தாங்க. அங்கே குடியிருந்தவங்க வழக்குப் போட்டாங்க. 1991-ல் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீடு செல்லாதுன்னு சொல்லிடுச்சு. மருத்துவமனையும் நல்ல காரியம்தானே என்ற வாதம் அங்கே எடுபடலை.

ஒரு உண்மையைச் சொல்லிடறேன். டவுன் பிளானிங் அசைன்மென்ட்ல நாங்க முதலில் மனைகளை அடுக்கிட்டு, எதுக்கும் உதவாத முக்கோண மூலையில பச்சை கலர் அடிச்சோம். மார்க்கும் வந்துச்சு!

உங்க ஏரியாவில் பார்க் இல்லையா? அங்கீகரிக்கப்பட்ட லேஅவுட் வரைபடத்தை வாங்கிப் பாருங்க, வீட்டுப் பத்திரத்தோடயே ஒரு நகல் இருக்கலாம். அதில் ஓ.எஸ்.ஆர். என்று குறிச்ச இடத்துக்கு நேரில் போய், இப்போ அங்கே என்ன நிக்குதுன்னு பாருங்க. தானப் பத்திரம் பதிவாச்சா, என்ன தேதியில்னு உள்ளாட்சி அலுவலகத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய்.