நான்கு கிலோபைட் மங்கல்

1996இல் வந்த நிண்டெண்டோ 64 விளையாட்டுகளில் சுவரும் புல்தரையும் ஏன் இப்படி மங்கிக் கிடக்கின்றன? கனவுத்தன்மை, குழந்தைமை என்று நானும் வியாக்கியானம் பண்ணிக்கொண்டு திரிந்தவன்தான். சமாச்சாரம் வேறு. பரப்பின் மேல் போர்த்தும் படம், டெக்ஸ்சர் என்கிறார்கள், வரையப்படுமுன் சிப்புக்குள் இருக்கும் ஒரு குட்டி நினைவகத்தில் ஏறியாக வேண்டும். அதன் கொள்ளளவு 4 கிலோபைட். 16 பிட் நிறமென்றால் 64க்கு 32 புள்ளி, அவ்வளவே. அதை இழுத்துச் சுவர் முழுக்கப் போர்த்தினால் புள்ளிகள் பூதாகரமாகும்; நிறங்களைக் கலந்து இயந்திரமே மெழுகிவிடுகிறது. மெழுகல் இல்லாத பிளேஸ்டேஷனில் அவை கட்டங்கட்டமாகத் துருத்தும்.

‘சூப்பர் மரியோ 64’இல் மரியோவைப் பாருங்கள். கண், மீசை, கிருதா, பொத்தான், தொப்பியின் எழுத்து: இவற்றுக்குத்தான் படம். சட்டையும் கால்சராயும் வெறும் நிறம். பற்றாக்குறைக்குள் எதை வரைவது, எதை விடுவது என்று யாரோ உட்கார்ந்து தீர்மானித்திருக்கிறார்கள். அந்த உழைப்பைத்தான் என் வாசிப்பு விழுங்கியிருந்தது. பிரதி, பிரதி என்று பேசுகிற நாம் (என்னையும் சேர்த்துத்தான்) அதை ஓட்டுகிற பெட்டியைத் திறந்து பார்ப்பதேயில்லை.

1998இல் எக்ஸ்பான்ஷன் பேக் என்று இன்னொரு 4 மெகாபைட்டைச் செருகக் கொடுத்தார்கள். பிரதான நினைவகம் இரட்டிப்பாயிற்று. அந்த 4 கிலோபைட் வாசல் மட்டும் அப்படியேதான் இருந்தது.