ஒரு மின்தேக்கி, ஆறு செம்புக் கம்பிகள்

மலாயாப் பல்கலைக்கழகம் என்றதும் நம்மவர்க்கு நினைவுக்கு வருவது இந்திய ஆய்வியல் துறைதான். அதே வளாகத்தின் இயற்பியல் துறையில் பிறந்த ஒரு கருவி, ஆசிய, ஆப்பிரிக்க ஆய்வுக்கூடங்கள் பலவற்றுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த வளாகம் பிரிக்பீல்ட்ஸ்காரர்களுக்கு கே.எல். சென்ட்ரலில் எல்.ஆர்.டி. ஏறினால் நாலாவது நிறுத்தம். ஆனாலும் இந்தக் கதை நம்மிடையே அதிகம் பேசப்படவில்லை.

1985-இல் ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகத்தின் ஆதரவில், பேராசிரியர் லீ சிங் வளரும் நாட்டு விஞ்ஞானிகளுக்கு இங்கே பிளாஸ்மாப் பயிற்சி தொடங்கினார். வெளிநாட்டில் படித்து, சான்றிதழோடு ஊர் திரும்பி, அங்கே கருவி இல்லாமல் கற்றதையெல்லாம் மறப்பது அவர்களுக்குப் பழகிப்போன தலைவிதி. லீ அதற்கு இடம்கொடுக்கவில்லை. பயிற்சிக்கு வந்தவர்களே அந்தக் கருவியைக் கட்டினார்கள். இத்தாலியில் அப்துஸ் சலாம் நிறுவிய இயற்பியல் மையமும் கைகொடுக்க, பாகிஸ்தான், எகிப்து, இந்தோனேசியா, இந்தியா என்று அது பரவியது.

பிளாஸ்மா என்பது மின்னூட்டத் துகள்களாகப் பிரிந்த வாயு. இந்தக் கருவியில் 30 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றை 15,000 வோல்ட்டுக்கு ஏற்றுவார்கள். நடுவில் செம்புக் குழாய், சுற்றிலும் ஆறு செம்புக் கம்பிகள், இடையே டியூட்டீரியம் என்ற கன ஹைட்ரஜன் வாயு. சேர்த்து வைத்த ஆற்றல் சுமார் 3,400 ஜூல். ஒரு குவளைத் தண்ணீரை நாலு டிகிரி சூடாக்குவதற்கே சரியாகப் போகும்! சூட்சுமம் நேரத்தில் இருக்கிறது. மூன்றே மைக்ரோ வினாடியில் திறந்துவிட்டால் சராசரித் திறன் ஆயிரம் மெகாவாட்டைத் தாண்டும். கிள்ளான் பக்கம் காப்பாரில் உள்ள மின்நிலையத்தின் மொத்தத் திறனே ஒரு காலத்தில் 2,400 மெகாவாட் சொச்சமாகத்தான் இருந்தது. மின்னோட்டம் ஒன்றரை லட்சம் ஆம்பியரைக் கடக்கும். அதன் காந்தவிசையே பிளாஸ்மாவைக் குழாய் முனைக்குத் தள்ளி, நூலாக நசுக்கும். வெப்பநிலை ஒரு கோடி டிகிரி அளவுக்கு ஏறும். அணுக்கருக்கள் இணைந்து, ஒவ்வொரு வெடிப்புக்கும் பத்துக் கோடி நியூட்ரான்கள் வரை சிதறும்.

இதிலிருந்து மின்சாரம் வராது. அந்த நோக்கமும் இல்லை. கற்றுக்கொடுக்கச் செய்த கருவி, ஆய்வுக்கும் உதவியது. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் இதன் அயனிகளைப் பாய்ச்சி மென்படலங்களைப் படிகமாக்கினார்கள். 1988-இல் ஆசிய ஆப்பிரிக்கப் பிளாஸ்மாப் பயிற்சிச் சங்கம் கோலாலம்பூரிலேயே உருவானது. பெரிய நாடுகளின் பிரம்மாண்ட இயந்திரங்களுக்குக் கிடைக்கும் புகழில் சிறு பங்காவது இதற்குச் சேர வேண்டும்.

இந்தக் கருவியின் செயல்பாட்டைக் கணிக்க லீ எழுதிய நிரல் எக்செல் கோப்பாக இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. வீட்டில் ஆறாம் படிவத்தில் இயற்பியல் படிக்கும் பிள்ளை இருந்தால், இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.