விளம்பரப் பலகையில் பெண்

பெண்ணை இழிவுபடுத்தும் விளம்பரம் எது என்று நம் இல்லங்களில் வினவினால், ஆடை குறைந்த விளம்பரம் என்றே பெரும்பாலோர் விடை கூறுவர். தொலைக்காட்சியில் அத்தகைய காட்சி வரும்போது தந்தை தொண்டையைக் கனைப்பார். தாய் வேறு அலைவரிசைக்கு மாற்றுவார். அத்துடன் கடமை முடிந்ததென எண்ணிவிடுகிறோம். இந்த அளவுகோல் போதாது என்பதே என் கருத்து.

1995-இல் மும்பையில் எழுந்த வழக்கு ஒன்று நாடெங்கும் பேசப்பட்டது. காலணி விளம்பரம் ஒன்றிற்காக மது சப்ரே, மிலிந்த் சோமன் என்னும் இருவர் ஆடையின்றி, காலணி மட்டும் அணிந்து, உடலில் மலைப்பாம்பு சுற்றியிருக்க நின்றனர். பதினான்கு ஆண்டுகள் நடந்த வழக்கு 2009-இல் விடுதலையில் முடிந்தது. அப்படத்தை நான் ஆதரிப்பவன் அல்லன். காலணி விற்க மலைப்பாம்பு எதற்கோ தெரியவில்லை! ஆயினும் அதில் ஆணும் பெண்ணும் ஒரே நிலையில் நின்றனர் என்பதை மறுப்பதற்கில்லை.

இதனோடு 2022 ஜூன் மாதம் கிரிக்கெட் ஒளிபரப்பின் இடையே வந்த 'லேயர் ஷாட்' என்னும் வாசனைத் தெளிப்பான் விளம்பரத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். கடையொன்றில் ஓர் இளம்பெண் நிற்கிறாள். அவள் பின்னே நான்கு இளைஞர்கள். நாம் நால்வர், இருப்பதோ ஒன்று, யாருக்கு வாய்ப்பு என்னும் பொருள்பட அவர்கள் பேசுகின்றனர். அவள் திடுக்கிட்டுத் திரும்புகிறாள். அவர்கள் பேசியது அலமாரியில் எஞ்சியிருந்த ஒரே புட்டியைப் பற்றியாம்! அப்பெண் கண்ணியமாகவே உடுத்தியிருந்தாள். அவளது அச்சமே அங்கு வேடிக்கையாக்கப்பட்டது. 2012 டிசம்பரில் தில்லிப் பேருந்தில் மாணவி ஒருத்திக்கு நேர்ந்த கொடுமையைக் கண்டு கலங்கிய நாட்டில் இப்படியொரு வேடிக்கை! மத்திய அரசு அதனை இணையத்திலிருந்து நீக்கச் செய்தது. நிறுவனமும் மன்னிப்புக் கேட்டது.

அயல்நாடுகளும் இதற்கு விலக்கல்ல. 2007-இல் இத்தாலிய ஆடை நிறுவனமான டோல்சே அண்ட் கபானா வெளியிட்ட படத்தில், ஒருவன் ஒரு பெண்ணைத் தரையில் அழுத்திப் பிடித்திருக்க, மற்ற ஆண்கள் நின்று பார்த்தனர். ஸ்பெயினிலும் இத்தாலியிலும் கடும் எதிர்ப்பு எழுந்தபின் அது கைவிடப்பட்டது.

இவை கண்ணில் படும் இழிவுகள். கண்ணில் படாதவை வேறு உண்டு. 1975-இல் சந்தைக்கு வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' களிம்பு 2020-இல்தான் தன் பெயரை மாற்றிக்கொண்டது. நிறம் மாறினால் வேலை கிடைக்கும், வரன் அமையும் என்று அது நெடுங்காலம் நம் பெண்களுக்குக் கதை சொல்லிற்று. எங்கள் பெருமுக்கல் பக்கத்தில் வெயிலில் களை பறித்து மகளைக் கல்லூரிக்கு அனுப்பும் தாய்மார் உண்டு. அம்மகள் தாயின் நிறத்தையே ஒரு குறையாக எண்ணத் தொடங்கினால், அந்த நட்டத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

நகைக்கடை விளம்பரங்களில், பொன் சுமந்து நிற்பதன்றி மணமகளுக்கு வேறு பணியில்லை. வேட்டி விளம்பரத்திலோ ஆண் நடந்து வந்தால் வழியில் நிற்போரெல்லாம் வணங்குகின்றனர். நம் வீட்டுச் சிறுவர்கள் இரண்டையும் ஒரே மாலையில் பார்க்கின்றனர் என்பதைப் பெற்றோர் நினைவிற் கொள்ள வேண்டும். அருகே அமர்ந்து, "அந்த அக்காவுக்கு ஏன் ஒரு வார்த்தைகூடப் பேச இல்லை?" என்று மகனைக் கேட்டுப் பாருங்கள். அலைவரிசையை மாற்றுவதைவிட இது பயன் தரும்.

சமூகத் தொடர்புக்கான திருப்பீட அவை 1997-இல் விளம்பர அறநெறி பற்றி வெளியிட்ட ஏட்டிலும் இப்பார்வையே உள்ளது. பெண்ணை இன்பத்துக்கும் ஆதிக்கத்துக்கும் உரிய பொருளாகக் காட்டுவதைக் கண்டிக்கும் அவ்வேடு, மனைவி, தாய் என்னும் நிலைகளில் பெண்களின் பங்கை எள்ளி நகையாடுவதையும் சேர்த்தே கண்டிக்கிறது.

1986-ஆம் ஆண்டுச் சட்டமும் பெண்ணை ஆபாசமாகக் காட்டுவதை மட்டுமன்றி இழிவாகக் காட்டுவதையும் குற்றமாக்குகிறது. முதல் முறைக்கு ஈராண்டு வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம். பெருநிறுவனங்களுக்கு இத்தொகை தேநீர்ச் செலவு! ஆகவே சட்டத்தை மட்டும் நம்பியிருத்தல் ஆகாது. மும்பையில் 1985 முதல் இயங்கும் இந்திய விளம்பரத் தர அவைக்கு எவரும் முறையிடலாம். பாலினப் பாகுபாட்டுச் சித்திரிப்புகள் குறித்து 2022-இல் அது தனி நெறிமுறைகளும் வகுத்துள்ளது. பலகையின் படம், பார்த்த இடம், நாள் ஆகியவற்றைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளூர்க் கடையின் பலகையாயின் மும்பை வரை போகவேண்டியதில்லை. தீபாவளிக்கும் கிறிஸ்துமசுக்கும் துணி எடுக்கத் திண்டிவனம் செல்லும் நம் குடும்பங்களுக்கு முதலாளி பெரும்பாலும் தெரிந்தவராகவே இருப்பார். துணி எடுத்தபின் அல்ல, எடுக்குமுன் அவரிடம் இரண்டு வார்த்தை சொல்லுங்கள்.